கல்லில்லாத கல்லறையைத் தேடி

குடும்பத்தின் முன்னோர்களைத் தேடும்போது, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று நேராக மேலே போனால் மூன்றாவது தலைமுறையிலேயே சுவர் வந்துவிடும். எனக்கும் வந்தது. வழி திறந்தது பக்கவாட்டில்தான்: கொள்ளுத்தாத்தாவின் தங்கைகள், கொழுந்தியாள்கள், பிள்ளையில்லாமல் போனவர்கள். வாரிசு இல்லாததால் யாருமே தேடாத மனிதர்கள் இவர்கள்.

முதலில் பெரியவர்களிடம் பேசினேன். "எந்த வருடம் இறந்தார்?" என்றால் பதில் வராது. "அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? யார் கைக்குழந்தை?" என்று கேட்டால் நாலைந்து வருட இடைவெளிக்குள் கொண்டுவந்து விடுவார்கள்.

அடுத்து இறப்புப் பதிவு. அதில் வயதை நான் பெரிதாக நம்புவதில்லை. செத்தவரா வந்து வயது சொன்னார்? 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. தகவல் தந்தவரின் பெயரும் முகவரியும்தான் புதையல். அந்தப் பெயர் பெரும்பாலும் இன்னொரு கிளைக்கு இழுத்துப் போகும்.

இணையத்தில் குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். பழைய பதிவேடுகளைச் சிறிதாகப் படமெடுத்து வைத்திருந்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021-க்குள் டிஜிட்டலாக்கி முடித்திருக்கிறார்கள். ஆனால் எல்லாமே பெயர் தட்டினால் கிடைக்காது. பெயர்கள் அட்டவணையிடப்படாத பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டத்தான் வேண்டும், அலுப்பான வேலை. உலகப் போர்களில் இறந்த சின்னத் தாத்தாக்கள் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். கல்லறையே தெரியாதவர்களின் பெயர்களும் நினைவுச் சுவர்களில் உண்டு. முழுப் பெயர் கிடைக்காவிட்டால் முதலெழுத்தை மட்டும் போட்டுத் தேடலாம்.

ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் தளங்களில் தன்னார்வலர்கள் எடுத்த கல்லறைக் கற்களின் படங்கள் குவிந்திருக்கின்றன. கல் இருந்தால்தானே படம்? நான் தேடிய பாட்டிக்குக் கல்லே வைக்கவில்லை. கல்லறை அலுவலகத்தின் அடக்கப் பதிவேட்டில்தான் கிடைத்தார்: பகுதி, வரிசை, குழி எண், அடக்கம் நடந்த தேதி. இடத்துக்குப் பணம் கட்டியவர் அந்தப் பாட்டியின் அக்காவின் கணவர். அதே குழி எண்ணில், ஒன்பது வருடம் முன்னதாக, ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. யாருடையது என்பதற்குப் பிறப்புப் பதிவில் விடை இருக்கலாம், விண்ணப்பித்திருக்கிறேன்.

நேரில் போனபோது, பக்கத்துக் கல்லறைகளின் எண்களை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிட முடிந்தது. அந்தக் கற்களில் எழுத்து தேய்ந்திருந்தது. கம்பித் தூரிகையோ சவர நுரையோ வேண்டவே வேண்டாம், கல் அரித்துப் போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும்.

எந்தத் தகவல் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று உடனே எழுதி வைத்துவிடுவேன். ஒரே பெயரில் இரண்டு பேர் கிளம்பி வரும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கிறது.