ரைட் சுரங்கத்துக்குள் நுழைய 38 மில்லிமீட்டர்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான் செய்யும் மாதிரி ரயில் முதல்முறையாகக் கூரை உரசாமல் சுரங்கத்துக்குள் போய் வந்தது. நான்கு மாத வேலை. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

செய்வது இங்கிலாந்தின் வைட் தீவில் ஓடிய 483 வகை ரயில். இரண்டு பெட்டி, 1:76 அளவு. லண்டன் பாதாள ரயிலின் '1938 ஸ்டாக்' பெட்டிகள்தான் அவை. லண்டனில் அரை நூற்றாண்டு உழைத்து முடித்தவற்றில் சிலதைப் புதுப்பித்து, 1989-ல் தீவில் ஓட விட்டார்கள். 2021 ஜனவரி வரை ஓடின. எண்பது வயதைத் தாண்டியும் தினசரி ஆளை ஏற்றி இறக்கிய பெட்டிகள். எனக்கு அவற்றின்மேல் பிரியம் வர அதுவே போதுமாக இருந்தது.

தீவுக்கு ஏன் பாதாள ரயில் என்றால், காரணம் ரைட் ஊரின் சுரங்கம். அங்கே தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டார்கள். தலைக்கு மேல் இருந்த இடம் குறைந்துபோனது. சாதாரண ரயில் நுழையாது, லண்டன் குழாய்க்குள் ஓடிய குள்ள ரயில் நுழையும். 1966 கடைசியில் நீராவி நின்று, 1967 மார்ச்சில் மின்சாரம் வந்தபோது ஓடியதும் 483-க்கு முந்தைய லண்டன் பெட்டிகள்தான். அதில் நான்கு பெட்டித் தொடருக்கு 'வெக்', மூன்று பெட்டித் தொடருக்கு 'டிஸ்' என்று குறியீடு. சேர்த்தால் வெக்டிஸ், ரோமானியர் அந்தத் தீவுக்கு வைத்திருந்த பெயர். யாருக்குத் தோன்றியதோ, கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

அதனால் ரயிலுக்கு முன்பே சுரங்க வாயைப் பிளாஸ்டரில் செய்துவிட்டேன். நிஜப் பெட்டியின் உயரம் ஏறக்குறைய ஒன்பதரை அடி. என் அளவில் 38 மி.மீ. அதற்கு மேல் 2 மி.மீ. மட்டும் இடம் விட்டேன்.

கூரைக்கே ஆறு வாரம் போனது. அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை 32 மி.மீ. பிவிசி குழாயில் சுற்றி, நூலால் கட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். ஆறியதும் கட்டை அவிழ்த்தால் ஷீட் விரிந்துகொள்கிறது. அப்புறம்தான் புரிந்தது, வேண்டியதைவிடச் சின்னக் குழாயில் சுற்ற வேண்டும் என்று. 25 மி.மீ. குழாயில் சுற்றி, ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் பக்கச் சுவரின் மேல் வைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்தது கதவு. இந்த ரயிலில் கதவின் மேல்பகுதி கூரை வளைவோடு சேர்ந்து உள்பக்கம் சாயும். தட்டையாக வெட்டி ஒட்டினால் பார்த்ததுமே தப்பு தெரியும். ஒவ்வொரு கதவையும் கூரை ஷீட்டின் மிச்சத்திலிருந்தே வெட்டினேன். வளைவு தானாகவே பொருந்திவிட்டது.

மோட்டாரில்தான் மாட்டிக்கொண்டேன். வாங்கிய மோட்டார் போகியின் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்) மேல் பெட்டியை வைத்தால் 3 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது. முதல் ஓட்டத்திலேயே சுரங்க வாயின் உச்சியில் இடித்து, பிளாஸ்டர் பெயர்ந்து விழுந்தது. தரையை வெட்டி, மோட்டாரைப் பயணிகள் உட்காரும் இடத்துக்குள் ஏற்றினால்தான் பெட்டி இறங்கும். ரொம்ப நாள் மனசு வரவில்லை. 1938 ரயிலின் பெருமையே மின்கருவிகள் எல்லாவற்றையும் தரைக்கு அடியில் அடக்கியதுதான். அதற்கு முந்தைய ரயில்களில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பெரிய அறையே கருவிகளுக்குப் போகும். அந்த இடத்தை ஆட்களுக்கு மீட்டுக் கொடுத்த ரயிலில் நான் மறுபடி கருவியை ஏற்றுவதா? வேறு வழி தெரியவில்லை, சரி என்று வெட்டினேன். மோட்டாரை மங்கலான சாம்பல் நிறமாக்கி, ஜன்னல் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

இன்னொரு தப்பு. லண்டன் படங்களைப் பார்த்துப் போகிக்கு நடுவிலும் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் 'காலணி' (ஷூ) வைத்துவிட்டேன். லண்டனில் நான்கு தண்டவாள முறை, நடுவில் ஒன்று ஓடும். தீவில் மூன்றாவது தண்டவாளம் மட்டும்தான், அது ஓரத்தில் இருக்கிறது. நடுக் காலணியைப் பிடுங்கி எடுத்தேன். பசை வடு இன்னும் தெரிகிறது, அடுத்த பூச்சில் போய்விடும்.

நிறம் சிவப்பு. டைனோசர் படம் வரைந்து ஓடிய காலமும் இவற்றுக்கு உண்டு. அக்கா மகன் அதுதான் வேண்டும் என்கிறான். அவனுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டி செய்து தரலாம். கடைசி வருடங்களில் தீவில் பார்த்த சிவப்பே என் கண்ணில் நிற்கிறது.

நேற்று சுரங்கத்துக்குள் ஒரு தீக்குச்சியின் உயரத்தில் டார்ச்சைப் படுக்க வைத்து ஓட்டிப் பார்த்தேன். கூரையின் நிழல் பிளாஸ்டரில் ஒரு கோடு மாதிரி விழுந்து, வெளிச்சம் அறுபடாமல் நகர்ந்தது. இரண்டாவது பெட்டியின் கூரை இப்போது குழாயில் கட்டிக் கிடக்கிறது. நாளைக் காலை அவிழ்க்க வேண்டும்.