மைட்டோகாண்ட்ரியாவுக்காக மெதுவாக ஓடுகிறேன்: இதுவரை நடந்தது

வேகம் கூட்டுவது இந்த முறை என் நோக்கமே இல்லை. செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. கால் தசையில் அது பெருகினால் ஓட்டத்தில் என்ன மாறும் என்று ஓடியே தெரிந்துகொள்ள ஆசை. அதனால் ஒரே பாதை, ஒரே வேகம், வாரத்தில் பெரும்பாலான நாட்கள். தசையை நுண்ணோக்கியில் பார்க்க வழியில்லை. என்னிடம் இருப்பது இதயத்துடிப்பு காட்டும் கைப்பட்டையும் பதினாறாம் வாய்ப்பாடும்தான். ஓடும்போதே வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லி, மூச்சு எங்கே அறுகிறது என்று குறித்துவைப்பேன்.

முதலில் மாறியது துடிப்பு. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதே வேகத்துக்குத் துடிப்பு இறங்கியது. இதை மைட்டோகாண்ட்ரியா கணக்கில் எழுத முடியாது. பயிற்சி தொடங்கியதுமே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் கூடுகிறது. துடிப்பு சீக்கிரம் இறங்குவது அதனால்தான்.

தசைக்குள் நடப்பது நிதானமான வேலை. தசை சுருங்கும்போதெல்லாம் கால்சியம் வெளிவருகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகச் செலவாக ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இந்த இரண்டு சேதியும் போய்ச் சேரும் முக்கியமான இடம் பிஜிசி-1 ஆல்ஃபா. 1998-ல் பழுப்புக் கொழுப்பு ஆராய்ச்சியில் அடையாளம் கண்ட புரதம் இது. மைட்டோகாண்ட்ரியா கட்டத் தேவையான மரபணுக்களை இதுதான் முடுக்கிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 13 புரதங்களுக்கான தகவல்தான் உண்டு. மற்ற ஆயிரத்துச் சொச்சமும் உட்கருவின் மரபணுக்களிலிருந்து வர வேண்டும். ஓர் ஓட்டம் கிளப்பும் சேதி சில மணி நேரத்தில் உயர்ந்து, அப்புறம் தணிந்துவிடும். அது திரும்பத் திரும்ப வந்தால்தான் புரதம் சேர்ந்து நிற்கும். வாரக் கடைசியில் ஒரே நீண்ட ஓட்டம் என்று வைக்காமல் அடிக்கடி ஓடுவதை நான் தேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

1967-ல் ஜான் ஹோலோசி என்ற ஆய்வாளர் எலிகளை 12 வாரம் ஓடவிட்டுப் பார்த்தார். கால் தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜனேற்றத் திறன், அதாவது ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் திறன், ஏறக்குறைய இரட்டிப்பானது. பயிற்சியால் தசையே உள்ளுக்குள் மாறுகிறது என்று அழுத்தமாகக் காட்டிய ஆய்வு அது. எனக்கு இன்னும் வியப்புதான்.

என் பாதையின் கடைசியில் ஓர் ஏற்றம் இருக்கிறது. முன்பு அங்கே 'பதினாறு நாலு அறுபத்து நாலு' என்பதையே இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு மூச்சு இழுத்துத்தான் சொல்ல முடிந்தது. இப்போது எட்டு வரை சீராக வருகிறது. துடிப்பு இறங்காமல் நின்றுவிட்ட வாரங்களிலும் இந்த அளவு மட்டும் முன்னேறிக்கொண்டே இருந்தது. மைட்டோகாண்ட்ரியா அதிகமாக இருந்தால் அதே வேலைக்கு ஏடிபி-யின் சமநிலை குறைவாகவே குலைகிறது. சர்க்கரையை அவசரமாக உடைக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது, அப்படி உடைக்கும்போது உண்டாகும் லாக்டேட்டும் குறைவாகச் சேர்கிறது. கொழுப்பு கூடுதலாக எரிய, தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் மிஞ்சுகிறது. நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கால் கனத்துப்போவது இப்போது தள்ளிப்போயிருப்பதற்கும் இதில் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தால் கதை வேறு. கொஞ்ச நேரத்திலேயே கையும் முதுகும் ஓய்ந்துவிடுகின்றன. 1976-ல் பெங்ட் சால்டின் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒற்றைக்கால் சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற காலின் தசையில்தான் ஆக்சிஜனேற்ற நொதிகள் கூடின. வேலை செய்த தசைக்குத்தான் பலன்.

நடுவில் காய்ச்சல் வந்து ஓட்டம் நின்றது. திரும்பி வந்தபோது ஏற்றத்தில் வாய்ப்பாடு ஐந்தோடு நின்றுவிட்டது. மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் பலவற்றின் அரை ஆயுள் ஒரு வாரத்தை ஒட்டித்தான்; பயிற்சி நின்றால் சேர்த்ததும் அதே கணக்கில் கரையும். படுத்துக் கிடந்தால் பிளாஸ்மாவும் குறையும் என்பதால் முழுப் பழியையும் தசைமேல் போடவில்லை. மறுபடி ஓட ஆரம்பித்ததும் பழைய இடத்துக்கு வர சில வாரங்கள் ஆயின.

அடுத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் குறுகிய வேக ஓட்டங்களைச் சேர்க்கப்போகிறேன். மெதுஓட்டத்தில் அதிகம் இழுபடாத வேகத் தசை இழைகளும் அப்போது வேலைக்கு வரும். மற்ற நாட்களின் வேகம் இப்போது இருப்பதேதான்.