பல்சர் சேர், இரட்டை லைட், மீன் நானா, என் டியோ: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையில் பைக் நிறுத்தும் கொட்டகைக்குத் தகரம் பாதிதான். நனையாத பாதி யாருக்கு என்ற விவகாரத்தில் அதிபர்கூடத் தலையிடுவதில்லை, முதலில் வருகிறவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரபத்தனை என்று வரும் ரோட்டில் பல்சர் 150 பைக் வைத்திருக்கும் கணித சேர்தான் எப்போதும் முதல். என் டியோ ஸ்கூட்டருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மிக்சி. "டீச்சர், மிக்சியில இன்னைக்கு என்ன சட்னி?" என்று தினமும் கேட்பார், தினமும் இப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி சிரிப்பார்.

இன்றைக்குச் சிரிப்பு என் பக்கம். கொழுந்து லொறி ஒன்று வளைவில் நின்றுவிட்டதென்று சேர் தோட்டத்துக் குறுக்கு ரோட்டில் இறங்கியிருக்கிறார். இந்த மழைக்கு அது ரோடே இல்லை, களிமண். பல்சருக்கு முன் மட்கார்ட் டயரை ஒட்டியே இருக்கும், அந்த இடுக்கில் மண் ஏறி இறுகிவிட்டால் சக்கரம் சுற்றாது. தேயிலைக் குச்சி ஒன்றை முறித்துத் தோண்டித் தோண்டி, முதல் பாடம் முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. நான் லொறிக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்று, அது நகர்ந்ததும் மெதுவாக வந்து, தகரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டேன்.

தோட்டத்துக்காரன் ரோடு போடாததுதான் காரணம் என்கிறார் சேர். பல்சர்காரர் எவரும் பல்சரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் 12, புதன்

இறக்கத்தைப் பற்றி எழுதி வைக்கவேண்டும். புதிதாக ஸ்கூட்டர் எடுத்து இந்தப் பக்கம் வருகிற டீச்சர்மாருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கியர் பைக்காரர் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அவர் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கலாம். டியோவில் கியர் கிடையாது, பெல்ட்தான். பின்னால் இருக்கும் கிளட்ச் சுற்றுகிற வேகத்தில் விரிந்து பிடிக்கிற வகை, வேகம் குறைந்தால் விட்டுவிடும். அதனால் இறக்கத்தின் தலைப்பில் அக்சிலேட்டரை முழுசாக விட்டுவிட்டு சும்மா உருட்டினால் வண்டிக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருக்காது, பாரம் முழுக்க பிரேக்கில்தான். அதுவும் டிரம் பிரேக். சில வளைவுகளுக்குள் சூடேறிவிடும், அழுத்த அழுத்த லீவர் கைப்பிடி வரை வரும், அப்புறம் அந்தக் கருகல் வாசனை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தலைப்பிலேயே ஒரு சின்ன முறுக்குக் கொடுத்து கிளட்சைப் பிடிக்க வைத்துவிட்டு, பிறகு விடவேண்டும். இன்ஜின் ஓரளவுக்கு இழுத்துப் பிடிக்கும். வேகம் மிகவும் குறைந்தால் மறுபடி கழன்றுவிடும், மறுபடி ஒரு முறுக்கு. பிரேக்கையும் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரவேண்டும்.

இதெல்லாம் தம்பி சொல்லித் தந்தது. பல்சர் சேருக்கு இது தெரியாது, தெரியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

ஜூன் 16, ஞாயிறு

தம்பியின் கராஜில் அரை நாள் போய்விட்டது. பைக்காரர்களின் வாயைக் கேட்கவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்தால் போதும்.

தம்பி ட்ரெயில் பைக் கோஷ்டி. அவனிடம் இருப்பது ஹொண்டா எக்ஸ்எல்ஆர் 250 பாஹா, முன்னால் இரண்டு பெரிய வட்ட லைட், 21 அங்குல முன் சக்கரம், நான் ஏறினால் தரை எட்டாத உயரம். ஜப்பானில் ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்துவிட்டு இங்கே வந்து இரண்டாம் வாழ்க்கை வாழ்கிற வண்டி. ட்ரெயில்காரருக்கு ரோடு என்பது ஒரு யோசனை மட்டுமே. காபட் போட்ட தார் ரோட்டில் போகிறவரை எல்லாம் அவர்கள் பார்க்கிற பார்வையில் ஒரு பரிதாபம் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புது வண்டி கிடைப்பது அரிதாகிவிட்டதால் இந்தப் பெருமை இன்னும் கூடிவிட்டது. உள்ளதை வைத்துத்தானே பீற்றிக்கொள்ளவேண்டும்.

சேர் வந்தார், ஏற்றத்தில் இழுவை இல்லை என்று. தம்பி பிளக்கைக் கழற்றிக் காட்டினான், கரி அப்பிக் கிடந்தது. "சேர், நுவரெலியா 1868 மீட்டர். அங்க காத்து கீழ இருக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு குறைவு. உங்க காபரேட்டர் கொழும்புக் கணக்குலயே பெற்றோல ஊத்திட்டு இருக்கு." பெற்றோல் போகும் துளையான ஜெட்டைச் சின்னதாக்கலாம், அல்லது சகித்துக்கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் வந்த புது வண்டிகள் இதைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். அவருக்குப் பாடம் எடுத்தது பழைய மாணவன் என்பதால் முகம் சுருங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து மீன் நானா பிரேக் கட்டை மாற்ற வந்தார். அவருடையது எம்டி 90, ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த சிவப்பு வண்டி. மூன்று கியர், கை கிளட்ச் இல்லை, பின்னால் மீன் பெட்டி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் அவர் ஏறாத மேடு கிடையாது. ட்ரெயில் பையன்கள் வாய் திறந்ததும் அவர் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை எடுத்தார். அதை எடுத்தால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். பெற்றோல் 470 ரூபாய்க்குப் போய், பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்து, எந்த மோட்டார் சைக்கிளானாலும் வாரத்துக்கு 4 லீற்றர் என்று வைத்தார்களே, அந்தக் காலம். 250 சிசிக்கும் நாலு, 90 சிசிக்கும் நாலு. தம்பியின் பாஹா வாரத்தின் பாதியிலேயே சாக்கு போர்த்திப் படுத்துவிடும். நானா வாரம் முழுக்க மீன் விற்று, மிச்சத்தில் எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் கூட்டிப் போனார். அம்மாவின் சேலையில் ஒரு வாரம் சாளை வாசம்.

"ஏறுறது இன்ஜின் வேல தம்பி, இறங்குறதுதான் ஆள் வேல," என்றார் கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே. அவர் கழற்றிப் போட்ட பழைய கட்டை தேய்ந்து அலுமினியம் தெரிந்தது. அதிலேயேதான் இவ்வளவு நாளும் இறங்கியிருக்கிறார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள், லீவு. நானா வீட்டில் புரியாணி. பல்சர் சேரும் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை பௌர்ணமி லீவான பொசன் போயாவுக்கு எல்லோரும் ஹப்புத்தளை போவதென்று முடிவானது. அன்றைக்கு ஜும்ஆத் தொழுகை இருக்கிறதே என்று நானா சொன்னார், வழியில் பண்டாரவளையில் நிறுத்துவோம் என்றான் தம்பி. பாஹா, தம்பியின் நண்பன் ஒருவனின் இன்னொரு எக்ஸ்எல்ஆர், பல்சர், எம்டி 90, மிக்சி. இப்படி ஒரு ஊர்வலத்தை நானா வீட்டு உம்மாவே நம்பவில்லை.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

இரவு. கை விரல் இன்னும் நடுங்குகிறது, ஆனால் இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்குத் தம்பி வேறு கதை சொல்லிவிடுவான்.

கூட்டமாகப் போனால் மெதுவான வண்டி முன்னால் போகவேண்டும் என்பது தம்பி போட்ட சட்டம். மெதுவானது நானாவுடையது. பெட்டியைக் கழற்றியும் வாசம் கழலவில்லை. நானுஓயா வரை ஐந்து வண்டியும் மீன் வாசத்திலேயே போனோம், பல்சரின் பின்னால் இருந்த சேரின் மனைவி முந்தானையை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டார். அதற்குமேல் பனிமூட்டம். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பாஹாவை முன்னால் விட்டு, அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஊர்ந்தோம். இரட்டை லைட் வீண் பந்தா என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்த சேர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹக்கலை தாண்டி இறங்க ஆரம்பித்ததும் மழை நின்றுவிட்டது. ஜூனில் எங்கள் பக்கம் நனையும், ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், மலை நடுவில் நின்று பிரித்துவிடுகிறது. வெலிமடைக்கு இறங்கும் அந்த வளைவுகள் பல்சருக்கென்றே போட்டவை. சேர் சாய்ந்து சாய்ந்து போனதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை அவரிடம் சொல்லப்போவதில்லை. நான் என் முறுக்கு, பிடி, விடு என்று வந்து சேர்ந்தேன். கீழே போயாவுக்கு இலவசமாகச் சாப்பாடு தரும் ஒரு தன்சல் பந்தலில் பையன்கள் கொடியை ஆட்டி மறித்துக் கடலையும் கொத்தமல்லித் தண்ணீரும் தந்தார்கள். அவர்கள் கண் முழுக்க பாஹாவில். ஒருவன் மட்டும் எம்டி 90ஐத் தொட்டுப் பார்த்துவிட்டு விற்கிறீர்களா என்று சிங்களத்தில் நானாவிடம் கேட்டான். நானா இன்று முழுவதும் அந்தப் பெருமையில் இருந்தார்.

பண்டாரவளையில் ஜும்ஆ முடியும் வரை பள்ளிவாசலுக்கு எதிரே நின்றோம். அப்புறம் ஹப்புத்தளை, தம்பேதன்ன, மலை உச்சியில் ஊர் பார்க்கும் இடமான லிப்டன் ஆசனம். லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டினால் தேயிலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுங்கிய ரோடு. மேலே போய்ச் சேர கொஞ்சம்தான் இருந்தது, பாஹாவின் பக்கமிருந்து டப் என்று ஒரு சத்தம். செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லொக் கழன்று, செயின் ரோட்டில் நீட்டிப் படுத்திருந்தது.

பல்சர் சேர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லொக்கை எடுத்துப் பெருந்தன்மையோடு நீட்டினார். பொருந்தவில்லை. பல்சருக்கு 428 செயின், எக்ஸ்எல்ஆருக்கு 520, அளவே வேறு. இன்னொரு எக்ஸ்எல்ஆர் இருக்கிறதே என்றால், அவனும் மாற்று லொக் கொண்டுவரவில்லை. காட்டுக்குள் போகிறவர்களின் ஆயத்தம் இவ்வளவுதான்.

சரி, ஹப்புத்தளை வரை இறக்கம்தானே, உருட்டலாம் என்று தம்பி ஏறி உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயின் இல்லாத பைக்குக்குக் கியரும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் இல்லை. 250 சிசியும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கவேண்டும். அதாவது அவன் என் நிலைமைக்கு வந்துவிட்டான், ஒரு முறுக்குக்குக்கூட வழியில்லாமல்! "நான் முன்னால போறேன். நான் பிடிக்கிற இடத்துல பிடி, விடுற இடத்துல விடு, அழுத்திட்டே வராத" என்றேன். தலையாட்டினான். தம்பேதன்ன வரை என் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, வாய் பேசாமல் வந்தான். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டோம். சேர் கடைசியில், பின்னால் வரும் ஓட்டோக்களுக்குக் கை காட்டிக்கொண்டு. மட்டமான இடங்களில் நானா எம்டி 90இல் வந்து, ஒரு காலை பாஹாவின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ளினார். தொண்ணூறு சிசி இருநூற்றைம்பதைத் தள்ளியதற்குப் படம் இருக்கிறது, சேரின் மனைவி எடுத்தது.

ஹப்புத்தளையில் போயாவுக்குக் கடை எல்லாம் பூட்டு. சேர்தான் ஓட்டோ ஸ்டாண்டில் விசாரித்து, டிடிஆர் 250 வைத்திருக்கிற ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்தார். யமஹாதான், ஆனால் செயின் அதே 520. சாரத்தோடு வந்தார், மருந்து போத்தல் ஒன்றில் ஒயில் ஊற்றி நாலைந்து லொக் ஊறப்போட்டு வைத்திருந்தார். குறட்டால் கிளிப்பைத் தட்டிவிட்டு, அதன் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். முன்பு போட்டவன் திருப்பிப் போட்டிருக்கவேண்டும் என்றார். முன்பு போட்டது தம்பிதான், அவன் அந்த நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசு வாங்கவில்லை. "ஹொண்டாகாரன் யமஹா வாசலுக்கு வந்ததே போதும்" என்றார்.

திரும்பும்போது நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதியால் இறங்கலாம் என்றான் அந்த நண்பன். 2023 ஜனவரியில் பஸ், வேன், ஓட்டோ மோதி 7 பேர் இறந்த இறக்கம் அது. இருட்டு, மழை, டிரம் பிரேக். நான் பெரிய ரோட்டால் வருகிறேன் என்றேன். யாரும் எதுவும் பேசாமல் எல்லோரும் பெரிய ரோட்டுக்கே திருப்பினார்கள்.

ஜூலை 1, திங்கள்

92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 355 ரூபாயிலிருந்து 344 ஆனது. பதினொரு ரூபாய்க்கு ஸ்டாஃப்ரூமில் பெரிய கொண்டாட்டம். மிக்சி என்ற பேச்சு ஒரு வாரமாக இல்லாமல் இருந்தது, இன்றைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. தகரத்துக்குக் கீழே பல்சர்தான். நான் நனைந்த சீட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 6, சனி

அடுத்த பயணத்துக்கு இப்போதே சண்டை. சேருக்கு லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று காபட் ரோடாகவே வேண்டும். ட்ரெயில் கோஷ்டி பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்கவேண்டும் என்கிறது. நானாவுக்கு எங்கே என்றாலும் சரி, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாமாம். நான் சேர் பக்கம் பேசினேன், அது அவரையே சந்தேகப்பட வைத்துவிட்டது. செயின் லொக் இரண்டு வாங்கி வைத்தாயா என்று தம்பியிடம் காலையில் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.