“எதுக்கும்மா போட்டோவெல்லாம் போடுறீங்க?”

கல்லூரி விழாவில் எடுத்த படத்திலிருந்து என் தங்கையின் முகத்தை மட்டும் வெட்டி, வேறொரு உடம்போடு ஒட்டி, அவள் பெயரிலேயே ஃபேக் ஐடி தொடங்கியிருந்தான் எவனோ. கூடவே அவள் செல் நம்பர். அன்றைக்கு ராத்திரியே கண்டவனெல்லாம் வீடியோ காலில் வந்தான்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு சிம்மை மாத்து” என்றார்கள் சொந்தக்காரர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், ஆதாரமே அதுதான். ஐடியின் லிங்க், ஒவ்வொரு பதிவின் லிங்க், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், அழைத்த எண்கள் எல்லாம் வேண்டும். லிங்க் இல்லாத வெறும் படத்தை வைத்துக்கொண்டு அலைவது வீண்.

மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் போடுவது சுலபம். பெயர் சொல்லாமலும் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் புகார் என்ன ஆனது என்று பிறகு பார்க்க முடியாது.

ஸ்டேஷனில்தான் நொந்துபோனோம். ரைட்டர் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார். தங்கை என் துப்பட்டா நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எதுக்கும்மா போட்டோவெல்லாம் போடுறீங்க?” என்று அவளைத்தான் கேட்டார், செய்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனைக் கையில் கொடுக்காதீர்கள். பிரின்ட் எடுத்து, கவரில் போட்டு, பெண் போலீஸிடம்தான் காட்டுவேன் என்று சொல்லுங்கள்.

அடுத்து, “இது எங்க லிமிட் இல்ல.” பிறகு, “இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து போயிருக்கார், நாளைக்கு வாங்க.” தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேலே உள்ளவரோதான் விசாரிக்க வேண்டும், உண்மை. அதற்காகப் புகாரையே வாங்காமல் விடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதி நீட்டினேன். பெண் எஸ்.ஐ. ஒருவர் வந்து வாசித்தார். “உக்காரும்மா” என்றார் தங்கையிடம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது.

படத்தை நீக்க ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்தியதற்கு, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. வயிறு எரிந்தது. அதோடு விடாமல் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 ஐ.டி. விதிகள் 3(2)(பி), மார்ஃப் செய்த படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது. 2026 பிப்ரவரி முதல் அந்தக் கெடு 2 மணி நேரம்தான். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் எழுதலாம், நான்தான் எழுதினேன். மறுநாள் ஐடி காணாமல் போனது. அவள் அன்றுதான் சாப்பிட்டாள்.

படம் வேறு தளங்களுக்கும் பரவும் என்ற பயம் இருந்தால், அதைத் தடுக்க உதவும் இணையச் சேவைகள் உண்டு: 18 வயது நிறைந்தவர்களுக்கு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’, அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ‘டேக் இட் டவுன்’. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம், அதாவது படத்திலிருந்து உருவாக்கும் ஒரு குறியீடு, மட்டுமே போகும்.

எஃப்.ஐ.ஆர். பிறகு பதிவானது, விசாரணை நடக்கிறது. நகல் இலவசம். “அப்புறம் வாங்கிக்கலாம்” என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். நாங்கள் உட்கார்ந்திருந்துதான் வாங்கினோம்.