பழைய கொரோலாவின் கீச்சுச் சத்தத்தைத் தேடிப் பிடித்த கதை

எங்கள் வீட்டுக் கார் 1990ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. மலையகத்தில் பலரைப் போல நாங்களும் இருக்கிற காரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுகிறோம். அதன் முன்பக்கத்தில் வந்த சத்தத்தை எப்படிப் பிடித்தோம் என்று, இதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தலவாக்கலை டவுனைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறியதும், குழியில் வீல் இறங்கி ஏறும்போதெல்லாம் ‘கீச், கீச்’ என்று கேட்கும். மெயின் ரோட்டில் அவ்வளவு இல்லை. விடிகாலைக் குளிரில் அதிகம். நல்ல மழை பெய்தால் சத்தமே இருக்காது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். காய்ந்துபோன ரப்பர் இரும்பில் தேய்ந்து கத்தினால், தண்ணீர் பட்டதும் அடங்கிவிடும். குளிரில் ரப்பர் இறுகுவதால் காலையில் சத்தம் கூடும்.

ஒரு கராஜில் காட்டினோம். “தம்பி, ஷொக் ரெண்டும் போயிருச்சு, மாத்திருவோம்” என்றார்கள், காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொனட்டின் ஓரத்தை அழுத்தி விட்டால் கார் ஒரு தடவை எழும்பி அப்படியே நின்றது. ஷொக் அப்சோபர் போயிருந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒயில் கசிவும் இல்லை. அதனால் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

எங்கள் பக்கத்தில் கார் வேலைக்குச் சமதரை கிடைப்பதே பெரிய பாடு. கோயிலுக்கு முன்னால் உள்ள தரையில்தான் நிறுத்தினோம். மச்சான் பொனட்டை அழுத்தி அழுத்திக் காரை ஆட்ட, நான் கீழே படுத்து, தண்ணீர் போத்தலோடு ஒவ்வொரு ரப்பராக நனைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றை நனைத்ததும் அடுத்ததற்குப் போய்விடக் கூடாது. கொஞ்சம் ஆட்டிக் கேட்க வேண்டும். வீலைக் கீழே தாங்கும் இரும்புக் கையான லோவர் ஆர்மின் புஷ்ஷை, அதாவது அதன் மூட்டு ரப்பரை நனைத்தோம், சத்தம் போகவில்லை. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் இடது பக்க புஷ்ஷில் தண்ணீர் ஊற்றினேன், “மச்சான், நின்னுருச்சு!” என்று மேலிருந்து குரல் வந்தது. காயவிட்டுப் பார்த்தோம், திரும்ப வந்தது. ஆள் இவன்தான்.

ஆனால் இன்னொரு சத்தமும் இருந்தது. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பினால் கீழே ‘கிர்ர்’ என்று மெல்ல முனகியது. ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங்கில் லேசாகக் கை வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல் பெயாரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு டக்கென்று விடும், கைக்குத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. காரை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பின் டயர்களுக்குக் கட்டை வைத்த பிறகு லீவர் கம்பியால் லோவர் ஆர்மை நெம்பினோம். லோவர் ஆர்மை வீல் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டில், இடது பக்கம் ஆட்டம் இருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே சேறும் துருவும்.

கீச்சுச் சத்தம் காதுக்குத்தான் தொந்தரவு, இது உயிருக்கு. போல் ஜொயின்ட் கழன்றால் வீல் மடிந்துவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. சென்கிளயர் பக்க வளைவுகளில் அப்படி நடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சாமான் வரும்வரை காரை எடுக்கவே இல்லை.

சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தன. ஸ்டெபிலைசர் புஷ் வாங்கும் முன் கம்பியின் தடிப்பை வேர்ணியரால் அளந்து சொல்லுங்கள். ஒரே மொடலிலும் தடிப்பு மாறலாம், லூசாக இருந்தால் ‘டொக் டொக்’ என்று வேறு சத்தம் தொடங்கும். மாற்றும்போது முன்பக்க வீல் இரண்டையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு, புஷ்ஷைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை இழுக்கும். கம்பியில் இருந்த துருவை எமரிப் பேப்பரால் தேய்த்தெடுத்து, சிலிக்கன் கிரீஸ் பூசி, புது புஷ்ஷைப் போட்டோம். பழைய என்ஜின் ஒயிலை அடிக்கச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒயில் பட்டால் ரப்பர் ஊதி இளகி, சீக்கிரம் வீணாகிவிடும்.

போல் ஜொயின்ட்டை ஹட்டனில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் மாற்றித் தந்தார். சுத்தியலால் அடிக்காமல் புல்லர் வைத்துக் கழற்றி, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டார். லோவர் ஆர்ம் புஷ்களில் வெடிப்பு தெரிந்ததால் லேத் பட்டறையில் பிரஸ் பண்ணி அவற்றையும் மாற்றினோம். அந்த போல்ட்டுகளைக் காரை இறக்கி, பாரம் வீலில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கினார். வீல் தொங்கும்போதே இறுக்கினால், கார் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதை அவசரத்தில் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் வீல் அலைன்மென்ட் செய்தோம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பிராக்கெட் போல்ட்டுகளில் ஸ்பானர் வைத்துப் பார்த்தோம், இறுக்கமாகவே இருந்தன. வலது போல் ஜொயின்ட்டில் ஆட்டம் இல்லை, உறையும் கிழியவில்லை என்பதால் மாற்றவில்லை. ஒவ்வொரு சர்விஸிலும் உறையைத் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன்.