கெடுதலுக்குப் பக்கத்துலயே ஒரு கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

வார்டுல ஒரு தாத்தா இன்னிக்கு நான் குடுத்த டயட் சார்ட்டை நாலா மடிச்சு தலையணைக்கு அடியில சொருகிட்டார். ஏன் தாத்தான்னு கேட்டேன். இதுல பாதிக்கு மேல "வேண்டாம்"னுதான் இருக்கு, சீஸ் இல்லாம எனக்கு ரொட்டி தொண்டையில இறங்காதுன்னார். கோபமா எல்லாம் சொல்லல, ரொம்ப களைப்பா சொன்னார். டயட் அசிஸ்டன்ட் வேலையில ஒம்பது வருஷம் ஓடிப்போச்சு, இந்த மாதிரி மடிச்சு வெச்ச பேப்பரை எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஆனா இன்னிக்கு வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகல.

அப்பதான் கூட வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க போன மாசம் அனுப்பின லிங்க் ஞாபகம் வந்துச்சு. 1533ல ஸ்ட்ராஸ்பர்க்ல அச்சடிச்ச புத்தகத்தோட ஸ்கேன், பேரு "ஷாக்டாஃபெல்ன் டெர் கெசுண்ட்ஹைட்", அதாவது ஆரோக்கியத்தோட சதுரங்கப் பலகைகள். திறந்து பாத்தா சார்ட்! ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி அச்சான டயட் சார்ட். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பாத்துட்டே இருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ரெண்டு நாளா எழுத்தோட மல்லுக்கட்டுறேன். பழைய கோணல்மாணல் ஜெர்மன் எழுத்து, எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல இருந்து ஸ்பெல்லிங் ரொம்ப தள்ளி இருக்கு, ஆனா வாய்விட்டுப் படிச்சா பாதி புரிஞ்சிடுது. சதுரங்கப் பலகைன்னு ஏன் பேர் வெச்சாங்கன்னு பக்கத்தைப் பாத்தாலே தெரியும். முழுக்க கோடு போட்டு கட்டம் கட்டமா பிரிச்சிருக்காங்க. மொத்தம் 40 அட்டவணை, ஒண்ணொண்ணுலயும் 7 விஷயம், ஆக 280. பழம், கீரை, மீன், கறி, பால், ஒயின்ல ஆரம்பிச்சு தூக்கம், குளியல், காத்து, உடுத்துற துணி வரைக்கும் வருது.

அட்டவணைக்கு அடியில வரிசையா சின்னச் சின்ன மரக்கட்டை அச்சுப் படங்கள். அதை வரைஞ்சது ஹான்ஸ் வைடிட்ஸ்னு சொல்றாங்க. இதே அச்சகத்துல 1530ல வந்த ப்ரூன்ஃபெல்ஸோட மூலிகைப் புத்தகத்துக்கும் படம் போட்டவர் அவர்தான். செடியை நேர்ல பாத்து, வாடின இலையையும் ஒடிஞ்ச காம்பையும்கூட அப்படியே வரைஞ்ச மனுஷன். படிக்கத் தெரியாதவங்ககூட கீழ இருக்குற படத்தைப் பாத்து இது எதைப் பத்தின வரிசைன்னு கண்டுபிடிச்சிடலாம். நம்ம சார்ட்ல ஒரு படம் இருக்கா? எட்டு பாயிண்ட் எழுத்துல ரெண்டு பக்கம், அவ்வளவுதான். கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்த எண்பது வயசுக்காரங்க கையில அதைத்தான் குடுக்குறோம்.

பிப்ரவரி 8, சனி

இன்னிக்கு லீவு. நான் இருக்குறது ரைன் ஆத்துக்கு ஜெர்மனி பக்கம் கேல் ஊர்ல, டிராம் ஏறினா பாலம் தாண்டி பிரான்ஸ் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க். குட்டன்பர்க் சிலை இருக்குற சதுக்கத்துல ரொம்ப நேரம் நின்னேன். வாரா வாரம் காய்கறி வாங்க வர்ற ஊருதான், ஆனா இந்தத் தெருக்கள்ல ஏதோ ஒண்ணுலதான் ஹான்ஸ் ஷாட் அச்சகம் நடத்தினார், அங்கதான் இந்தப் புத்தகம் மை காயக் காய வெளிய வந்துச்சுன்னு நெனச்சுட்டு நடக்குறப்போ வேற ஊரு மாதிரி இருந்துச்சு.

1531ல ஷாட் இதை முதல்ல லத்தீன்ல போட்டார். அடுத்த வருஷமே நோய்களைப் பத்தின இன்னொரு அட்டவணைப் புத்தகம், அதை எழுதினது இப்னு ஜஸ்லாங்குற பாக்தாத் மருத்துவர். அப்புறம் 1533ல மிகாயேல் ஹெர்னு இந்த ஊர் டாக்டர் ஒருத்தர் ரெண்டையும் சேர்த்து ஜெர்மன்ல மாத்தினார். எனக்கு இதுலயே பெரிய விஷயமா படுறது அந்த மூணாவதுதான். லத்தீன்ல இருந்த வரைக்கும் அது டாக்டருங்க, பாதிரிமாருங்க சொத்து. ஜெர்மன்ல வந்த அன்னிக்குத்தான் சமையக்கட்டுல நிக்குறவங்களும் திறந்து பாக்குற புத்தகம் ஆச்சு.

பிப்ரவரி 9, ஞாயிறு

1531 லத்தீன் பதிப்போட முகப்புல ஆசிரியர் பேரு "எல்லுகாசெம் எலிமித்தார், பல்தாத் மருத்துவர்"னு இருக்கு. யாருடா இதுன்னு தேடினா அபுல் ஹசன் அல்முக்தார், பாக்தாத்! லத்தீன்காரங்க வாயில பூந்து அப்படி ஆயிடுச்சு. நம்ம தரங்கம்பாடி டிராங்க்பார் ஆன கதைதான்.

நமக்குத் தெரிஞ்ச பேரு இப்னு புத்லான். 11ம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த கிறிஸ்தவ மருத்துவர், எழுதினது அரபில. கெய்ரோவுக்குப் போய் இப்னு ரிள்வான்னு இன்னொரு பெரிய டாக்டரோட கடுமையா சண்டை போட்டார், அப்புறம் கான்ஸ்டாண்டினோபிள், கடைசியில அந்தியோகியாவுல துறவியா இருந்து செத்துப்போனார். புத்தகத்துக்கு அவர் வெச்ச பேரு "தக்வீம் அஸ்ஸிஹ்ஹா". தக்வீம்னா அட்டவணை, காலண்டர்னும் சொல்லலாம். கிரகக் கணக்கு பாக்குறவங்க கட்டம் போட்டு எழுதுற முறையைத் தூக்கி சாப்பாட்டுக்கு வெச்சிட்டார், ஒரு வகையில உடம்புக்கான பஞ்சாங்கம். ஏன் அப்படின்னு முன்னுரையிலயே காரணம் சொல்றார்: ஜனங்களுக்கு பண்டிதருங்களோட நீட்டி முழக்குற வாதம் அலுத்துப்போச்சு, அவங்களுக்கு வேண்டியது பலன்தான், நிரூபணம் இல்லை. படிச்சதும் எந்திரிச்சுப் போய் ஒரு டீ போட்டுக்கிட்டேன், உக்கார முடியல.

இதே தக்வீம் லத்தீன்ல "தக்குயினும்" ஆகி, இத்தாலியன்ல "தக்குயினோ" ஆச்சு. அதுக்கு இன்னிக்கு அர்த்தம் குறிப்பேடு! நான் இப்ப எழுதிட்டு இருக்குறதும் அதுதானே.

பிப்ரவரி 12, புதன்

ஆறு விஷயம் சரியா இருந்தா உடம்பு நிக்கும்ங்கிறதுதான் புத்தகத்தோட அடிப்படை. காத்து, சாப்பாடும் குடிக்கிறதும், அசைவும் ஓய்வும், தூக்கமும் விழிப்பும், கழிவு வெளிய போறதும் தங்குறதும், மனசோட உணர்ச்சிகள். யுனானி படிக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், ரெண்டுக்கும் வேர் கிரேக்க மருத்துவம்தான், சென்னை அரும்பாக்கம் அரசு யுனானி காலேஜ்லயும் இந்த ஆறைத்தான் படிக்கிறாங்க. சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சின்னு உணவுக்கு குணம் பிரிச்சு முதல் படி, ரெண்டாம் படின்னு அளவு குடுக்குறதையும் நம்ம வீட்டுல "அது சூடு, தொடாதே"ன்னு கேட்டு வளந்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். இதை வெச்சு இன்னிக்கு வைத்தியம் பாக்க முடியாது, நான் பாக்கவும் மாட்டேன். என்னைக் கட்டிப்போட்டது வேற.

ஒவ்வொரு பொருளுக்கு நேரா குணம், எது நல்ல ரகம், என்ன பலன், என்ன கெடுதல்னு கட்டம் வரும். அதுக்கு அடுத்ததா "கெடுதலை நீக்குற வழி"ன்னு ஒரு கட்டம். அரிசி வயித்து எரிச்சலுக்கு நல்லது, வயித்து வலிக்காரங்களுக்கு ஆகாது, நீக்குறது எண்ணெயும் பாலும். வெள்ளரிக்கா சூட்டுக் காய்ச்சலுக்கு நல்லது, இடுப்பையும் வயித்தையும் வலிக்க வைக்கும், நீக்குறது தேனும் எண்ணெயும். லெட்டூஸ் தூக்கம் குடுக்கும், கண்ணுக்கு ஆகாது, செலரி சேர்த்துக்கோ. புது சீஸ் உடம்பை மிருதுவாக்கி சதை போட வைக்கும், உள்ள அடைப்பு உண்டாக்கும், அதுக்கு வால்நட், பாதாம், தேன். சீஸ் வரியைப் படிச்சதும் தாத்தா முகம்தான் முன்னாடி வந்துச்சு. எல்லாத்துக்கும் கெடுதல் இருக்குன்னு ஒத்துக்குற புத்தகம், ஆனா எதையும் தட்டுல இருந்து தூக்கி எறியல, கூட எதை வைக்கலாம்னு அடுத்த கட்டத்துலயே சொல்லிடுது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்னிக்கு முழுக்க இதோட பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பாத்தேன். 14ம் நூற்றாண்டு கடைசியில வட இத்தாலியில லொம்பார்டி ஓவியருங்க பண்ணினது, இப்ப பாரிஸ், வியன்னா, ரோம் லைப்ரரியில இருக்கு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. பக்கம் பூரா ஒரே ஓவியம், அடியில நாலு வரி. வியன்னா பிரதியில ரெண்டு பொம்பளைங்க பாஸ்தா பண்றாங்க, ஒருத்தி மாவு பிசைய இன்னொருத்தி இழையை கம்புல காயப்போடுறா, நம்ம மொட்டைமாடி வடகமேதான். ஆனா பணக்காரங்களுக்குன்னு பண்ணினதுல அட்டவணையையே எடுத்துட்டாங்க. பாக்கலாம், ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட முடியாது. அதனால ஓவியத்துல எவ்வளவோ கீழ இருந்தாலும் எனக்கு ஷாட் அச்சடிச்சதுதான் ஒசத்தி, இப்னு புத்லான் போட்ட கட்டத்தை அது திருப்பிக் கொண்டு வந்துச்சு.

கோபம், சந்தோஷம், வெக்கம், தூங்குறதுக்கு முன்னாடி பேசுற பேச்சு, கதை சொல்றவன்னு அதுக்கெல்லாம்கூட வரி இருக்கு. நாங்க கேஸ் ஷீட்ல கலோரி எழுதுறோம், கூட உக்காந்து சாப்பிட ஆள் இருக்கான்னு கேக்க எங்களுக்கு ஒரு கட்டம் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

டாக்டர்கிட்ட கேட்டுட்டு தாத்தாவுக்கு புது சார்ட் போட்டேன். எழுத்து பெருசு, படம் இருக்கு, ஓரத்துல "கூட என்ன, எவ்வளவு"ன்னு ஒரு வரிசை சேர்த்தேன். வாரத்துக்கு ரெண்டு நாள், சின்னத் துண்டு, உப்பு கம்மியா இருக்குற சீஸ். உப்புக்கு நேரா மட்டும் அந்தக் கட்டத்தை காலியா விட்டேன், அவர் இதயம் இருக்குற நிலைமைக்கு அதை நீக்குறதுக்கு எதுவும் இல்லை, அதை மறைக்காம அவர்கிட்டயே சொல்லிட்டேன்.

கண்ணாடி போட்டு நிதானமா படிச்சார். அப்புறம் பேனா கேட்டார். மூன்ஸ்டர் சீஸை எங்க வீட்டுல க்யூமெல் தூவாம யாரும் தொட மாட்டோம், வயிறு உப்பிடும்னு எங்கம்மா தர மாட்டாங்கன்னார். க்யூமெல் பாக்க நம்ம சீரகம் மாதிரியே இருக்கும், வாசனை வேற. சீஸ் வரிக்கு நேரா கடைசி கட்டத்துல நடுங்குற கையால அதை எழுதினார். மூன்ஸ்டர்ல உப்பு அதிகம் தாத்தா, அது ஆகாதுன்னேன். தெரியும், ஆனா க்யூமெல் எந்த சீஸுக்கும் ஆகும்னார். சாயந்திரம் நான் கிளம்புறப்போ சார்ட் மேஜை மேல விரிச்சபடி இருந்துச்சு, மேல கண்ணாடி.