அரைப்படி உளுந்து

கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் பதினாலு வருஷம் கணக்கு எழுதினேன். அங்கே மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி அப்புறம்தான் ரெண்டு, மூணு. முதலாளி தினமும் மீனாட்சியைப் பார்த்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடுதான் கடை திறப்பார்.

கடையில் கணக்கு இரண்டு. டேலியில் ஏறுவது ஒன்று, ஆடிட்டர் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று நீள நோட்டு, ரொக்கமாக வந்து ரொக்கமாகப் போவதெல்லாம் அதில். அப்போதெல்லாம் ஒரே ஆளுக்கு ஒரு நாளில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள் (2017-ல் அது 10,000 ஆகிவிட்டது), அதனால் அந்த நோட்டுக்கு வேலை ஜாஸ்தி. அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே நாலு மூலையும் மஞ்சள் தடவி 'கருப்பண்ணசாமி துணை'. வருஷா வருஷம் அதை எழுதியது நான்தான். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அப்பா கருப்புச் சட்டைக்காரர். ஆனாலும் சம்பளம் தருகிறவர் எழுதச் சொன்னால் எழுத வேண்டியதுதானே.

2012 மாசிக் கடைசியில் ரொக்கத்தில் 36,000 குறைந்தது. மூன்று நாள் எண்ணிப் பார்த்தும் கிடைக்கவில்லை. போலீசுக்குப் போக முடியாது, போனால் நீள நோட்டைக் காட்ட வேண்டும். "எல்லாரும் கிளம்புங்கப்பா, கருப்பன்கிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்துருவோம்" என்றார் முதலாளி. கடையின் குட்டி யானையில் ஏறி அழகர்கோவில் போனோம்.

பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. கோர்ட்டில் தீராத பங்காளித் தகராறுகூட அந்தப் படியில் தீரும் என்பார்கள். சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவருடைய நகைப் பட்டியலை இந்தக் கருப்பன் முன்னால்தான் வாசிப்பார்கள், திரும்பி வந்ததும் மறுபடி சரிபார்ப்பார்கள். சாமிக்கே இருப்புக் கணக்கு எடுக்கிற சாமி. நம்பிக்கை இல்லாவிட்டாலும் கணக்கு எழுதுகிறவனாக எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

"இந்தக் கடையிலேர்ந்து ஒத்தப் பைசா, ஒரு பருப்பு எடுத்ததில்ல" என்று சூடத்தை அணைத்துச் சொல்ல வேண்டும். நான்தான் முதல் ஆள். கதவு, சூடம், அவ்வளவுதானே. வசூலுக்குப் போகிறவர், லோடுமேன்கள் எல்லாரும் சொன்னார்கள். குடோன் அண்ணன் மட்டும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர், எங்களில் பக்தி அதிகம் அவருக்குத்தான். "ரூவாய நான் எடுக்கல மொதலாளி. அம்புட்டுத்தான். சத்தியத்துக்கு வரல" என்று படியை விட்டு இறங்கிவிட்டார்.

சொல்லவா வேண்டும்! அன்றைக்கே குடோன் சாவியைப் பிடுங்கி, அம்பது வயசில் அவரை மூட்டை தூக்க விட்டார்கள். அவரோடு டீக்கடைக்குப் போவதை நானும் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் முடிய விருதுநகர் பார்ட்டியின் பட்டியல் வந்தது. நாங்கள் கொடுத்ததாக அவர்கள் எழுதியிருந்தது 62,400. நோட்டில் என் கையெழுத்தில் 26,400. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார், இது எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் முதல் வாரத்திலேயே சொன்னது. 36,000 ஒன்பதால் வகுபடும். நான் வகுத்தே பார்க்கவில்லை, ஏனென்றால் திருடன் யாரென்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

உடனே போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. சாமி இல்லாதவனுக்கு மனசாட்சிதான் காவல் என்று அப்பா சொல்வார். என் மனசாட்சி பதினோரு நாள் சம்பளத் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பங்குனி உத்திரத்துக்குப் பழனி போய்விட்டு வந்த அண்ணன், எல்லாருக்கும் கொடுத்த மாதிரியே என் மேஜையிலும் வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் வைத்துவிட்டுப் போனார். தோளில் சாக்கு உரசிய தடம் சிவந்து கிடந்தது. அன்று சாயங்காலம்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் விரித்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "கருப்பன் வாசல்ல தப்பா சந்தேகப்பட்டுட்டோமேய்யா" என்றார். மறுநாளே அழகர்கோவில் போய்ச் சந்தனமும் மாலையும் சாத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அண்ணனிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. சாவியைப் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு தம்பி" என்று சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். எடுக்காதவர் ஏன் சத்தியம் பண்ணவில்லை என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பருப்பு எடுக்கலன்னுல்லப்பா சொல்லச் சொன்னாரு. மக சடங்கப்ப குடோன்ல சிந்திக் கிடந்த உளுந்துல அரைப்படி கூட்டி அள்ளிட்டுப் போயிருக்கேன். அத வச்சுக்கிட்டு அங்க எப்படிச் சொல்றது?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி பருப்புப் பொடி போட்டாள். கடையில் சாம்பிளுக்கு வரும் துவரம்பருப்புப் பொட்டலங்களைப் பல வருஷமாக நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். லோடுமேன்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோவதுதான்.